படிகளை மூடிய கிணறு

அந்த ஊருக்குள் காலெடுத்து வைத்த முதல் நாளே, செய்யக்கூடாது என்று படித்துவிட்டு வந்த ஒன்றைச் செய்தேன். அவர்கள் கொடுத்த தண்ணீரைக் குடித்தேன்.

அறுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்திரண்டு வயது. திண்டுக்கல் டவுனில் பிறந்து வளர்ந்தவள். பள்ளிப் படிப்பு முடிந்ததும் கிராம சேவிகா பயிற்சிக்குப் போய்விட்டு வந்திருந்தேன். ரெட்டியார்சத்திரம் வட்டார அலுவலகத்தில் சேர்ந்த அன்று ஐந்தாறு கிராமங்களை என் பொறுப்பில் எழுதிக் கொடுத்து, அவற்றில் ஒன்றில் தங்கிக்கொள்ளச் சொன்னார்கள். மாதர் சங்கம் தொடங்குவது, புகையில்லாத அடுப்புக் கட்டச் சொல்லித்தருவது, பிள்ளைகளுக்குப் பால்பவுடர் கரைத்துக் கொடுப்பது, சுத்தம் சுகாதாரம் பேசுவது. இவைதான் வேலை. எல்லாவற்றுக்கும் ஒரு நோட்டு.

பஸ்ஸை விட்டு இறங்கித் தகரப்பெட்டியோடு மூன்று மைல் நடந்தேன். பங்குனி வெயில். ஊர் எல்லையில் பெரிய கிணறு ஒன்று இருந்தது. மூன்று பக்கம் கல்சுவர், ஒரு பக்கம் அகலமான படிக்கட்டு. பெண்கள் குடத்தோடு படியிறங்கி, முழங்கால் அளவு தண்ணீருக்குள் நின்று மொண்டுகொண்டிருந்தார்கள். கடைசிப் படியில் ஒரு ஆள் உட்கார்ந்து, ஒரு காலைத் தண்ணீருக்குள் விட்டுக் கண்ணை மூடியிருந்தார். வலியில் இருப்பவர் முகம் என்று மேலிருந்தே தெரிந்தது.

"யாரு தாயி? எந்தூரு?" என்று கேட்டபடி ஒரு பெண் நிறைகுடத்தோடு ஏறி வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். நல்ல உயரம்.

"புதுசா வந்திருக்க கிராம சேவிகா, அக்கா."

"அப்படின்னா? டீச்சரா?"

"டீச்சர் மாதிரிதான்."

"என்னமோ ஒண்ணு. மூஞ்சி செவந்து போய்க் கெடக்கே. மொதல்ல தண்ணியக் குடி. பேச்செல்லாம் பெறகு."

குடத்தைச் சாய்த்தார். பயிற்சியில் டாக்டர் சொன்னதெல்லாம் அந்த நொடியில் எனக்கு நினைவு வந்தது. படியிறங்கி மொள்ளும் கிணற்றில் காய்ச்சாமல், வடிகட்டாமல் குடிக்காதே என்று அவர் படம் போட்டே காட்டியிருந்தார். ஆனால் முன்பின் தெரியாதவளுக்கு ஒருத்தி குடத்தைச் சாய்க்கிறபோது வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? இரண்டு கையையும் குவித்து வயிறு நிறையக் குடித்தேன். தண்ணீர் ருசியாகத்தான் இருந்தது.

அன்று மாலையே அந்த அக்கா தன் வீட்டில் வெங்காயம் கொட்டிவைக்கும் அறையைக் கூட்டிப் பெருக்கி என்னைத் தங்கச் சொன்னார். படியில் உட்கார்ந்திருந்தவர் அவர் கணவர். வாய் திறந்து பேசுவதே அபூர்வம். அவர் கணுக்காலில் கொப்புளம் உடைந்து, உள்ளேயிருந்து வெள்ளை நூல் மாதிரி ஒன்று எட்டிப் பார்த்தது. நரம்புச் சிலந்தி.

இன்றைக்கு இருப்பவர்களுக்கு அது என்னவென்று தெரியாது. புழு. முழங்கை நீளத்துக்கும் மேல் வளரும். காலில் கொப்புளமாக வெளியே வரும். நெருப்பில் காலை வைத்தது போல் எரியும். தண்ணீரில் காலை விட்டால் எரிச்சல் அடங்கும், அதனால் எல்லாரும் கிணற்றுப் படிக்குத்தான் போவார்கள். காலை நனைத்த அந்த நேரத்தில்தான் புழு தன் குஞ்சுகளைத் தண்ணீரில் விடும். அதைக் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத சின்னப் பூச்சிகள் தின்னும். அந்தப் பூச்சியோடு தண்ணீரைக் குடிப்பவருக்கு அடுத்த வருசம் காலில் கொப்புளம். புழுவை ஒரே இழுப்பாக இழுக்கவும் முடியாது. அறுந்துவிட்டால் கால் வீங்கிச் சீழ் பிடிக்கும். ஈர்க்குச்சியில் கட்டித் தினம் ஒரு விரற்கடை சுற்றிச் சுற்றித்தான் எடுக்க வேண்டும். பதினைந்து நாளும் ஆகும், இரண்டு மாதமும் ஆகும். அது வருவது சரியாக வெங்காயம் பிடுங்குகிற காலத்தில். வீட்டுக்கு ஒருவர் படுத்திருப்பார்கள். சில வீட்டில் மூன்று பேர்.

நான் மறுநாளே ஆரம்பித்தேன். கண்ணாடி டம்ளரில் கிணற்றுத் தண்ணீரை எடுத்து வெயிலில் பிடித்துக் காட்டினேன்.

"பாருங்கக்கா, வெள்ளையாத் துள்ளுதுல்ல? இதுதான் காரணம்."

அக்கா டம்ளரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தண்ணின்னா பூச்சி இல்லாமயா இருக்கும்? மீனு கெடக்கு, தவள கெடக்கு. எங்க பாட்டன் முப்பாட்டன் எல்லாம் இதத்தான் குடிச்சாக."

"அவுகளுக்கும் சிலந்தி வந்திருக்குமே."

"வந்துச்சு. அது சூட்டு ஒடம்புக்கு வாரது. சாமி குத்தத்துக்கும் வரும். தண்ணிக்கும் காலுக்கும் என்ன இருக்கு? குடிச்சா வயித்துக்குத்தான போகும்?"

இன்று குடித்தால் ஒரு வருசம் கழித்துக் காலில் வரும் என்று சொன்னால் கேட்பவர்களுக்குச் சிரிப்புத்தான் வந்தது. வேட்டித் துணியை மடித்துக் குடத்து வாயில் கட்டி வடிகட்டச் சொன்னேன். ஒருவரும் செய்யவில்லை. நான் மட்டும் செய்தேன். பக்கத்து ஊர்களுக்குப் போனாலும் தூக்குவாளியில் என் தண்ணீரை எடுத்துப் போனேன். வடிகட்டி டீச்சர் என்று பெயர் விழுந்தது. ஏற்பாடு செய்து கூட்டிய மாதர் சங்கக் கூட்டத்தில் அடுப்பைப் பற்றிக் கேட்டார்கள், சோப்பு காய்ச்சுவதைப் பற்றிக் கேட்டார்கள். தண்ணீர் என்று நான் வாயெடுத்தால் எழுந்து புடவையைத் தட்டிக்கொள்வார்கள்.

அந்தக் கிணற்றில் இன்னொன்றையும் பார்த்தேன். காலனிப் பெண்கள் படியில் இறங்கக் கூடாது. காலிக் குடத்தோடு மேலே தள்ளி நிற்பார்கள். யாராவது மனது வைத்து ஊற்றினால் உண்டு. ஒரு நாள் காலனியில் இருந்த, கிணறு வெட்டுகிற ஒருவரின் மனைவி காலையில் அப்படி நிற்பதைப் பார்த்துவிட்டு நான் அடுத்த தெருவுக்குப் போனேன். இரண்டு வீடு முடித்துத் திரும்பியபோதும் அதே இடத்தில் நின்றார். சுற்று வட்டாரத்தில் பாதிக் கிணறுகளை வெட்டியது அவர் புருசன்தான். நான் இறங்கி மொண்டு ஊற்றினேன். அன்று சாயங்காலமே வீட்டு வாசலில் முணுமுணுப்பு கேட்டது. அதற்காக நிறுத்தவில்லை. ஆனால் நான் இருக்கிற நேரத்தில் மட்டும் கிடைக்கிற தண்ணீர் என்ன தண்ணீர்?

ஒரு வருசம் ஓடியது. மறுபடி பங்குனி. ஒரு காலை எழுந்தபோது என் இடது கணுக்காலில் அரிப்பு. மாலைக்குள் கொப்புளம். இரண்டாம் நாள் காய்ச்சலும், கத்த வேண்டும் போன்ற எரிச்சலும். எனக்குச் சந்தேகமே இல்லை. வெட்கமாக இருந்தது. ஊருக்கே உபதேசம் சொன்னவள் காலில் சிலந்தி. இனி யார் முகத்தில் விழிப்பது?

அக்காதான் கொப்புளத்தைப் பார்த்தார். வேப்பிலை அரைத்து வந்து உட்கார்ந்தவர், பூசாமல் அப்படியே என்னைப் பார்த்தார்.

"ஒனக்கு எப்படி வந்துச்சு?"

நான் காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டேன்.

"ஒரு வருசமா துணி கட்டி வடிச்சுத்தான குடிக்கிறே? எங்கூட்டுக் காப்பியக்கூட கொதிக்கிறதக் கண்ணால பாத்தாத்தான் தொடுவ. எப்படி வந்துச்சு?"

"ஒரே ஒரு தடவ வடிக்காமக் குடிச்சேன்க்கா. வந்த அன்னைக்கி."

அவர் விரலை மடக்கி மாதத்தை எண்ணினார். பங்குனியில் தொடங்கிப் பங்குனியில் முடிந்தது. கையிலிருந்த வேப்பிலைக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"அது நான் ஊத்துன தண்ணியில்ல?"

"உங்க கைத் தண்ணி என்னக்கா செய்யும். கெணத்துத் தண்ணி."

"நான் ஊத்துனதுதான்" என்றார் மறுபடியும். அழுதாரா என்று தெரியாது. முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு என் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

பத்தொன்பது நாள் அந்தப் புழுவை அவர்தான் சுற்றி எடுத்தார். காலையில் வயலுக்குப் போகுமுன் ஒரு விரற்கடை. அவ்வளவு பெரிய கைக்கு அப்படியொரு பதம். "செத்தப் பொறு, செத்தப் பொறு" என்று சொல்லிக்கொண்டே சுற்றுவார். ஒரு நாளும் அறுந்ததில்லை. எரிச்சலுக்குக் காலை நனைக்கத் தனியாக ஒரு மண்சட்டியில் தண்ணீர் வைத்தார். அந்தத் தண்ணீரைக் கிணற்றுப் பக்கம் கொண்டுபோகாமல், வீட்டுக்குப் பின்னால் காய்ந்த மண்ணில் குழி தோண்டி ஊற்றினார். நான் சொல்லித்தரவில்லை. அவரே யோசித்துச் செய்தார்.

கொப்புளம் வந்த மூன்றாம் நாள் கணவருடைய நல்ல வேட்டி ஒன்றைக் கிழித்துக் குடத்தில் கட்டிக்கொண்டு கிணற்றுக்குப் போனார். அங்கே நடந்ததை நான் பார்க்கவில்லை, படுத்திருந்தேன். கிணறு வெட்டுகிறவரின் மனைவி என்னைப் பார்க்க வந்து, வாசலில் நின்றபடியே சொன்னார்.

"அம்புட்டுப் பொம்பளைகளையும் நிப்பாட்டிப் பேசுச்சு டீச்சரம்மா. 'அந்தப் புள்ள ஒரே ஒரு நாளு நம்ம தண்ணியக் குடிச்சுச்சு, சரியா வருசம் திரும்பயில காலுல வந்துருச்சு. நம்ம தெனமும் குடிக்கிறோம். இனி எவ வடிக்காமக் குடிச்சாலும் புருசனுக்கும் புள்ளைக்கும் அவதான் சிலந்திய ஊத்துறா'ன்னு சொல்லுச்சு."

"யாராச்சும் சிரிச்சாகளா?"

"ஒருத்தியும் சிரிக்கல."

அவரை உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். தயங்கினார். அக்கா அப்போது வீட்டில் இல்லை. வாசற்படியோடு நின்றுவிட்டுப் போனார்.

நான் எழுந்து நடக்கும்போது குடத்துக்குக் குடம் துணி தெரிந்தது. ஆனால் துணி கிழியும், மறந்துபோகும், வயலில் தாகமெடுத்தவன் அப்படியே குனிந்து குடிப்பான். ஆள் இறங்க முடியாதபடி படியை மூடிவிட்டு, மேலே கைப்பிடிச் சுவர் எழுப்பி, கயிறும் உருளையும் போட்டு இறைத்தால்தான் தீரும். வட்டார அலுவலகத்தில் சிமெண்ட் தருவதாகச் சொன்னார்கள். கல்லும் ஆள்வேலையும் ஊருடையது. பஞ்சாயத்துத் தலைவர் பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார். நல்ல மனிதர், ஆனால் நாலு பேர் முகத்தைப் பார்க்காமல் எதையும் சொல்லமாட்டார்.

ஒருவர் எழுந்தார். "மாசமா இருக்க பொம்பள கயிறு இழுப்பாளா? நல்லா யோசன பண்ணுங்கப்பா."

பெண்கள் பக்கத்திலிருந்து அக்காவின் குரல் வந்தது. "மாசமா இருக்கவ அம்புட்டுப் படி எறங்கி நெறகொடத்தோட ஏறுறாளே, அது மட்டும் முடியுதாக்கும்?"

சிரிப்பு எழுந்தது. எழுந்தவர் உட்கார்ந்துவிட்டார். அன்றே முடிவாயிற்று.

சித்திரையில் தண்ணீர் நன்றாக வற்றியதும் வேலை தொடங்கியது. மிச்சத் தண்ணீரை இறைத்து, தூர் வாரி, பிறகு படியை அடைத்துக் கட்ட வேண்டும். ஆழத்தில் நின்று அந்த வேலை செய்யத் தெரிந்தவர்கள் காலனிக்காரர்கள்தான். கிணறு வெட்டுகிறவரும் இன்னும் ஏழெட்டுப் பேரும் இறங்கினார்கள். எந்தப் படியில் அவர்கள் பெண்கள் கால் வைக்கக் கூடாதோ அதே படி வழியாகச் சேற்றுக் கூடையோடு ஏறினார்கள், இறங்கினார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அலுவலகத்துச் சுகாதார ஊழியர் மருந்துத்தூள் கொண்டுவந்து போட்டார். அந்த வாடைக்கு ஒரு வாரம் ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு குறை சொன்னது.

சுவர் இடுப்புயரம் எழும்பி உருளைகளுக்குத் தூண் நட்ட அன்று தலைவர் வந்து பார்த்தார். ஒரு பக்கத்துக்கு ஒன்றாக நாலு உருளை. எந்தத் தெருவுக்கு எது என்று பேச்சு நடந்தது. கிணறு வெட்டுகிறவர் உடம்பெல்லாம் சேறாக, கையில் மண்வெட்டியோடு நின்றிருந்தார். பேச்சு முடிகிற நேரத்தில் கேட்டார்.

"அய்யா, எங்களுக்கு எந்த உருளைங்க?"

பேசிக்கொண்டிருந்தவர்கள் அவர் பக்கம் திரும்பினார்கள்.

"இம்புட்டு நாளா படியில யாராச்சும் ஊத்துனாக, வாங்கிக்கிட்டோம். இனிமே படி இல்ல. கயித்துல எறைச்சு நின்னு எங்களுக்கு யாரு ஊத்துவா? தூர் வார உள்ள எறங்கலாம், தண்ணி எடுக்க மட்டும் ஆகாதுங்களா?"

தலைவர் சுற்றியிருந்தவர்களைப் பார்த்தார். அவர்கள் தரையைப் பார்த்தார்கள். நான் பேச வேண்டிய இடம் அது. சட்டம் என் பக்கம் இருந்தது. பயிற்சியில் அதையும் படித்திருந்தேன். எனக்கு நாக்கு எழவில்லை என்பதை இங்கே ஒத்துக்கொள்ள வேண்டும்.

பேசியவர் அக்காவின் கணவர். அந்த மனிதர் நாலு பேர் முன்னால் பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

"போன வருசம் ரெண்டு மாசம் என் புண்ணுக் கால இதுக்குள்ள விட்டுக்கிட்டு ஒக்காந்திருந்தேன். அந்தத் தண்ணிய ஊரே குடிச்சுச்சு. ஒருத்தரும் தீட்டுன்னு சொல்லல. இப்ப அவுக வாளி பட்டா ஆகாதுன்னு சொல்ல எனக்கு வாய் இல்ல."

சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

வடக்குப் பக்கத்து உருளை காலனிக்கு என்று முடிவானது. தனி உருளை என்பதே சமம் இல்லைதான். அது அன்றைக்கே எனக்குத் தெரியும், கிணறு வெட்டுகிறவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இரண்டு வீட்டார் அதையும் பொறுக்காமல் பல மாதம் தங்கள் தோட்டத்துக் கிணற்றிலிருந்து வண்டியில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஆனாலும் முதல் நாள் அவர் மனைவி வாளியை உள்ளே விட்டுத் தன் கையாலேயே இழுத்தபோது நான் பக்கத்தில் நின்றேன். குடம் நிறைந்த பிறகும் இன்னொரு வாளி இறைத்தார். அதை முகத்தில் அடித்துக் கழுவிக்கொண்டார். "சும்மாதான் டீச்சரம்மா" என்றார்.

இத்தோடு முடிந்திருந்தால் எளிது. அடுத்த பங்குனியில் மறுபடி கொப்புளங்கள் வந்தன.

வரும் என்று எனக்குத் தெரியும். படியை மூடுவதற்கு முன்னால் குடித்தது அது. போன வருசமே எல்லாரிடமும் சொல்லியும் இருந்தேன். சொன்னதை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? "சொவரு கட்டியும் வருதே, பெறகு எதுக்குக் கயிறு இழுத்துக் கை காய்க்குது?" என்று பேச்சு கிளம்பியது. ஒரு காலையில் போய்ப் பார்த்தால் அடைத்த படிப் பக்கம் சுவரின் மேல்வரிசைக் கற்கள் நாலைந்து பெயர்ந்து கீழே கிடந்தன. யார் செய்தது என்று கடைசிவரை தெரியவில்லை.

நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். அக்காவும் வயல் வேலையை விட்டுவிட்டுக் கூட வந்தார். போன வருசம் யார் வீட்டில் துணி கட்டினார்கள், என்றைக்கிலிருந்து கட்டினார்கள், யார் கட்டவில்லை என்று கேட்டோம். அக்கா வீட்டில் அந்த வருசம் ஒருவருக்கும் வரவில்லை. ஒழுங்காகத் துணி கட்டிய வேறு சில வீடுகளிலும் இல்லை. படுத்திருந்தவர்களில் பெரும்பாலோர் வயலுக்குப் போகிற வழியில் படியிறங்கிக் குனிந்து குடித்த ஆண்கள். கணக்கு நான் சொன்னேன், பேசியது அக்கா.

"போன வருசம் வெதச்சதுய்யா இப்ப மொளைக்குது. இந்த வருசம் ஒண்ணும் வெதைக்கல. இன்னும் ஒரு வருசம் பல்லக் கடிச்சுக்கிட்டு இருங்க. வந்துச்சுன்னா நானே கடப்பாறை எடுத்தாந்து இடிக்கிறேன்."

பெயர்ந்த கற்களைக் கிணறு வெட்டுகிறவர் யாரும் கூப்பிடாமலே வந்து வைத்துப் பூசினார்.

அந்த ஒரு வருசம் எனக்கு நீளமாகப் போனது. இடையில் வீட்டில் மாப்பிள்ளை பார்த்தார்கள். அடுத்த சித்திரை தாண்டட்டும் என்று தள்ளிப்போட்டேன். என் அம்மாவுக்கு அது ஏனென்று புரியவே இல்லை. ஒரு கிணற்றுக்காகவா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

பங்குனி பிறந்தது. தினம் ஒரு தெருவாக நடந்தேன். காலைச் சொறிகிறவர்களைக் கண்டால் நிறுத்திக் குனிந்து பார்த்தேன். கொசுக்கடி, முள் குத்தியது, சேற்றுப்புண். முதல் வாரம் ஒன்றுமில்லை. இரண்டாம் வாரமும் இல்லை. மூன்றாவது வாரம் ஒரு இளம்பெண்ணுக்குக் கொப்புளம் என்று சேதி வந்து ஓடினேன். பிரசவத்துக்குப் பிறந்த வீடு போயிருந்தவள், அங்கே ஊருணித் தண்ணீர் குடித்திருக்கிறாள். அந்த ஒருத்திதான். வெங்காயம் பிடுங்கும்போது ஊரே வயலில் நின்றது. அக்காவின் கணவர் என்னைப் பார்த்ததும், பேசாமல், குத்துக்காலிட்டிருந்தவர் எழுந்து இரண்டு காலாலும் தரையை ஓங்கி மிதித்துக் காட்டினார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

வைகாசியில் எனக்குக் கல்யாணம். மாட்டுவண்டி கட்டி ஊரிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். கிணறு வெட்டுகிறவரும் மனைவியும் தனியாக பஸ்ஸில் வந்து பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இரண்டு வருசம் கழித்து வேறு வட்டாரத்துக்கு மாற்றல் கிடைத்தது. அறுபதுகள் முடிவதற்குள் காலனிக்கென்று தனியாக ஒரு கிணறே வெட்டினார்கள் என்று கேள்விப்பட்டேன். வெட்டியது யார் என்று நான் கேட்கவில்லை, தெரியாதா என்ன.

எனக்குப் பதிலாக வந்த சேவிகா துடியான பெண். நான் மாற்றலாகிச் சில மாதம் கழித்து மாவட்ட அலுவலகக் கூட்டத்தில் பார்த்தபோது ஊர் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"போன வாரம் மாதர் சங்கத்துல ஊருக்கு என்ன பெரிய கஷ்டம்னு கேட்டேன். ஆளுக்கு ஆள் கத்துனாங்க. பஞ்சாயத்து ரேடியோ ரெண்டு மாசமாப் பாடலையாம். அதச் சரி பண்ணிக் குடுத்தாத்தான் அடுத்த கூட்டத்துக்கு வருவாங்களாம்."

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

"வேற ஒண்ணும் இல்லையே. ஏன், நான் கேக்க வேண்டியது ஏதும் இருக்கா?"

இல்லை என்று சொல்லிவிட்டு, ரேடியோ ரிப்பேர் செய்கிற கடை திண்டுக்கல்லில் எந்தத் தெருவில் இருக்கிறது என்று அவளுக்கு ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன்.